ஆறாவது வார்டின் நான்காவது படுக்கை

அன்ரன் செக்கோவின் 'ஆறாவது வார்டு' என்னும் நெடுங்கதையைப் பற்றி எழுதப் புகும் முற்போக்கு விமரிசகர் பலரும் ஒரு செய்தியைத் தவறாது குறிப்பிடுவர். சமாரா நகரில் வாழ்ந்த இளமைக் காலத்தில் லெனின் இக்கதையைப் படித்து முடித்த இரவு, தமது அறையில் இருக்கமாட்டாது எழுந்து வெளியே சென்றாரென்றும், தாமும் அவ்வார்டினுள் அடைக்கப்பட்டுவிட்டது போன்ற உணர்ச்சி தமக்கு உண்டாயிற்றெனத் தமக்கையார் அன்னாவிடம் கூறினாரென்றும் அச்செய்தி கூறும். அதனையடுத்து, அவ்வார்டு ருஷ்யாவே என்று எழுத்தாளர் லெஸ்கோவ் உரைத்த கருத்து எடுத்தாளப்படும். பின்னர், சாராட்சியின் கொடுமைக்குச் செக்கோவ் தந்த உருவகமே இக்கதை என்ற முடிபுடன் கட்டுரை நிறைவெய்தும்.

இம்முடிபு பிழையானதன்று. 1892 நவம்பரில் இக்கதை வெளிவந்தபோது அதனைப் படித்தவர்கள் அவ்வாறு உணர்ந்தமைக்கு நியாயம் இருந்தது. ஆயின் 130 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனையே திருப்பிச் சொல்வதில் ஒரு வசதி இருக்கின்றது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வார்டு என்பது சாரின் ருஷ்யாவானால், 1917 ஆம் ஆண்டுடன் கதையின் வேலையும் முடிந்துவிடுகின்றது. அதிலுள்ள ஐந்து படுக்கைகளிலும் கிடந்த மனிதர் யாவர், எவர் அவர்களை அங்கு கொணர்ந்தார், எச்சட்டத்தின் கீழ் வைத்திருந்தார் என்னும் கேள்விகள் எழவே மாட்டா. உருவகமாகிவிட்ட மனிதனுக்குப் படுக்க இடம் வேண்டியதில்லை. உடுக்கச் சொந்தத் துணி வேண்டியதில்லை. நீதிமன்றிற் சென்று முறையிடும் வழியும் வேண்டியதில்லை.

செக்கோவ் வைத்தியர். 1890 ஆம் ஆண்டிலே சகலின் தீவிற்குச் சென்று, அங்கிருந்த தண்டனைக் கைதிகளை வீடு வீடாகப் போய்க் கண்டு ஆயிரக்கணக்கான அட்டைகளிற் பதிவு செய்தவர். அப்பயணத்தின் பின் எழுந்த கதை இது. ஆகவே வார்டின் வருணனையில் உருவகத்திற்குத் தேவையானவற்றிலும் பார்க்க மிகக் கூடுதலான தகவல்கள் உள்ளன. காஞ்சொறியும் களைகளும் மண்டிய முற்றம். ஆணி முனைகள் மேல்நோக்கி நிற்கும் வேலி. நிலத்தோடு சேர்த்து முடுக்கப்பட்ட கட்டில்கள். பழைய ஆடைகள் குப்பையாய்க் குவிந்து அழுகும் நடை. அக்குவியலின்மேல் படுத்துப் புகைகுடிக்கும் காவற்காரன் நிக்கீத்தா. அவன் முன்னாட் போர்வீரன். ஒழுங்கை உலகில் எதனினும் மேலாக நேசிப்பவன். அடித்தாலன்றி ஒழுங்கு நிலவாதென்று உண்மையாகவே நம்புபவன். ஒரு வைத்தியசாலையைப் பார்வையிடச் சென்ற அதிகாரி, மனச்சாட்சியுள்ளவராயின், எழுதக்கூடிய அறிக்கையின் பகுதிகள் இவை. நமது விமரிசகர்கள் இவற்றைச் 'சூழல் வருணனை' என ஒதுக்கிவிட்டு, வைத்தியர் ராகினுக்கும் நோயாளி குரோமோவுக்கும் இடையே நிகழும் தத்துவ உரையாடலுக்குப் பாய்ந்து விடுகின்றனர்.

கதையிலே சட்டம் நேராகப் பேசப்படும் இடம் ஒன்றுண்டு. அதனையும் பலர் கடந்து சென்றுள்ளனர். குரோமோவ் நீதிமன்றிற் கட்டளைச் சேவகனாக இருந்தவன். விலங்கிடப்பட்ட இருவரைப் படைவீரர் அழைத்துச் செல்வதை ஒருநாள் தெருவிற் காண்கிறான். தன்னையும் இவ்வாறு பிடித்துச் செல்லக்கூடும் என்ற எண்ணம் அவனைப் பற்றுகின்றது. நாளடைவில் அதுவே நோயாகின்றது. ஆனால் அவ்வெண்ணத்திற்கு அவன் கூறும் காரணம் நோயாளியின் காரணமாயில்லை. பிறர் துன்பத்தோடு உத்தியோக முறையில் மட்டும் உறவு கொண்ட நீதிபதி, பொலிசார், வைத்தியர் ஆகியோர் பழக்கத்தால் இறுகிப் போகின்றனர்; அந்நிலையில் குற்றமற்ற ஒருவனின் உரிமைகள் யாவற்றையும் பறிப்பதற்கு நீதிபதிக்கு வேண்டியது நேரம் ஒன்றுதான், சம்பளம் பெறுவதற்காகச் செய்து முடிக்கவேண்டிய சில சம்பிரதாயங்களுக்கான நேரம். செக்கோவ் இதனைப் பைத்தியக்காரனாகப் போகின்ற ஒருவனின் சிந்தனையாக வைத்தது வெறும் தந்திரமன்று.

அந்நேரம் எவ்வளவு? இதற்கு விடை பின்னாளில் செக்கோவின் நாட்டிலேயே கிடைத்தது. சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்து இளைஞர் ஒருவரைச் சட்டத் தகுதியற்றவர் எனப் பிரகடனம் செய்யுமாறு அவர் தாயார் விண்ணப்பித்தார். 2004 டிசம்பர் 28 ஆம் திகதி மாவட்ட நீதிமன்றம் அதனை விசாரித்தது. அரச வழக்குத் தொடுநர் இருந்தார். வைத்தியசாலையின் பிரதிநிதி இருந்தார். யாருடைய வாழ்வு தீர்க்கப்பட்டதோ அவர் இல்லை. அப்படியொரு வழக்கு நடப்பதே அவருக்குத் தெரியாது. விசாரணை பத்து நிமிடம் நீடித்தது. அப்பத்து நிமிடங்களின் பின்னர், மணம் செய்தல், தொழில் ஒப்பந்தஞ் செய்தல், வாக்களித்தல், சொத்தை விற்றல், வழக்கிடல் ஆகிய எதனையும் தம் பெயரிற் செய்ய முடியாதவராய் அவர் ஆனார். ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தாயாரின் கடதாசிகளிடையே தீர்ப்பின் பிரதியைத் தற்செயலாகக் கண்டபோதுதான் அவர் தமது நிலையை அறிந்தார். அதையடுத்து வைத்தியசாலையில் அடைக்கப்பட்டார். சட்டத்தரணியைக் காணவும் அனுமதிக்கப்படவில்லை. தீர்ப்பை எதிர்த்து மேன்முறையிட அவருக்கு உரிமை இல்லை; அவருக்காக முறையிடக்கூடியவர் அவரது பாதுகாவலரான அதே தாயார்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டு இவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ருஷ்ய அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 இலும் 2012 இலும் பழைய சட்டத்தின் குறைகளைக் கண்டித்தது. முழுத் தகுதி அல்லது முழுத் தகுதியின்மை என்ற இரண்டே நிலைகளை அறிந்திருந்த குடியியற் சட்டக்கோவை திருத்தப்பட்டு, 2015 முதல் இடைப்பட்ட நிலையொன்று அதிற் சேர்ந்தது. குரோமோவின் அச்சம் நோயா நீதியியலா என்று விவாதிப்போர் இவ்வரலாற்றை மனங்கொள்ளல் நன்று.

வார்டின் பூட்டு கதவில் இருப்பதாகத்தான் நாம் வழக்கமாக எண்ணுகின்றோம். ஆனால் ராகினை வார்டுக்குள் அடைக்கும் காட்சியை மீண்டும் படிக்குமிடத்து வேறொன்று புலப்படும். பதவிப் போட்டியாளனான ஹொபொத்தோவ், நோயாளி ஒருவரைப் பார்க்க வேண்டுமென்று பொய் சொல்லி அவரை அங்கு அழைத்து வருகிறான். தான் மட்டும் வெளியே நழுவுகிறான். சிறிது நேரத்தின் பின் நிக்கீத்தா ஒரு மேலங்கியுடனும் உள்ளாடையுடனும் வந்து, உடை மாற்றும்படி பணிவாகவே சொல்கிறான். ராகின் மாற்றுகிறார். மாற்றியதும் அவர் நினைப்பது தத்துவத்தையன்று. தமது கடிகாரம் எங்கே, சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகம் எங்கே, சிகரெற் எங்கே, நிக்கீத்தா உடைகளை எங்கு கொண்டு போனான் என்பதையே. ராகின் தமது பெயரை இழந்தது அந்த மேலங்கியைப் பூண்ட கணத்திற்றான். கதவு பூட்டப்படுவது பின்னர் நிகழும் சிறு காரியம்.

பல்கேரிய மலைப்பிரதேசத்திலே பஸ்த்ரா என்னும் சிற்றூரில் மனநோய்க்குட்பட்ட ஆடவருக்கான விடுதியொன்று இருந்தது. 2002 இல் ஒருவரை அங்கு கொண்டுபோய் விட்டனர். அவருக்கு அறிவிக்காமலே உடன்படிக்கையிற் கையொப்பமிட்டவர் நகரசபை உத்தியோகத்தரான பாதுகாவலர். பின்னர் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவரோ அவ்விடுதியின் பணிப்பாளரே. நிக்கீத்தாவிடமே நிக்கீத்தாவைப் பற்றி முறையிடும் ஏற்பாடு! 2012 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேராயம் இவ்வழக்கைத் தீர்த்தபோது, முற்றத்துக் கழிப்பிடத்தையும் வாரத்திற்கு ஒருமுறைக் குளிப்பையும் மட்டுமன்றி இன்னொன்றையும் எடுத்துக்காட்டியது. சலவைக்குப் போன உடைகள் உரியவரிடம் திரும்புவதில்லை. யாருடையது யாருக்கென்ற கணக்கின்றிப் பகிரப்பட்டன. அது மனிதரை இழிவாக உணரச் செய்யும் என்று நீதிபதிகள் கூறினர். ராகின் தமது கடிகாரத்தைத் தேடிய பக்கத்தை அவர்கள் படித்திருந்தனரோ இல்லையோ, அப்பக்கத்தின் பொருளை அறிந்திருந்தனர்.

இதுவரை நாம் கூறியவற்றை முற்போக்கு வாசகர் எவரும் தடையின்றி ஏற்பர். தடை எழுவது இனித்தான்.

ஆறாவது வார்டிலே நமது அனுதாபத்தைப் பெறுவோர் இருவர். குரோமோவ் படித்தவன், நாவன்மை மிக்கவன், துன்பத்தை வெறுத்தொதுக்கும் தத்துவம் வெயில் காயும் கிரேக்கத்திற்குப் பொருந்தும், ருஷ்யப் பனிக்குப் பொருந்தாது என்று வைத்தியரையே மடக்குபவன். ராகினோ நோயாளியே அல்லர். இருவரும் அங்கு இருக்கத் தகாதவர்கள் என்பதே வாசகரின் ஆத்திரத்திற்குக் காரணம். அந்த ஆத்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தால் அதனடியில் ஒரு சம்மதம் ஒளிந்திருக்கின்றது: அங்கு இருக்கத் தக்கவர்களும் உளர் என்னும் சம்மதம்.

அந்தச் சம்மதத்தின் விலையைச் சோவியத் வரலாறு காட்டியது. 1970 மே மாத இறுதியில் உயிரியலறிஞர் ஷொரெஸ் மெத்வேதெவ் தமது அரசியற் கருத்துக்களுக்காகக் கலூகா நகர மனநோய் வைத்தியசாலையில் அடைக்கப்பட்டார். அறிஞரும் எழுத்தாளரும் எதிர்த்துக் குரலெழுப்பினர். 19 நாட்களின் பின் விடுதலையானார். இவ்வாறான துர்ப்பிரயோகத்தை உலக மனநோயியற் சங்கம் 1977 இல் ஹொனலூலுவிற் கண்டித்தது. சோவியத் சங்கம் 1983 இல் அதிலிருந்து விலகிற்று. சோசலிசத்தின் பெயரால் நிகழ்ந்த இக்கொடுமையை இடதுசாரிகளாகிய நாம் மறைக்க வேண்டியதில்லை. மறைப்பது அப்பெயருக்கு மேலும் இழுக்கு. ஆனால் அன்றெழுந்த கண்டனக் குரல்களிலும் குறையொன்று இருந்தது. 'நல்ல மனநிலையுள்ளவரைப் பைத்தியக்காரர் நடுவே அடைத்தனர்' என்பதே முறைப்பாடு. மெத்வேதெவ் வெளியேறிய கதவு மற்றவர்களுக்காகத் திறக்கப்படவில்லை. திறக்குமாறு கேட்டவரும் அரியர்.

செக்கோவும் இக்குறைக்கு முற்றும் விலக்கானவர் அல்லர். வார்டின் நான்காவது படுக்கையில் ஒரு குடியானவன் இருக்கின்றான். ஊதிப் பருத்த உடல், பேச்சில்லை, அசைவில்லை, சிந்திக்கவும் உணரவும் என்றோ மறந்துவிட்ட மிருகமெனக் கதைசொல்லி அவனை அறிமுகஞ் செய்கின்றார். நிக்கீத்தா அவனைத் தன் பலங்கொண்ட மட்டும் அடிக்கிறான். அவனிடமிருந்து ஒலியோ கண்ணசைவோ எழுவதில்லை. அடியிலும் பார்க்க அந்த மௌனமே பயங்கரமானது என்னும் பொருளில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டுச் செக்கோவ் அடுத்த படுக்கைக்கு நகர்கின்றார். நிலத்தைக் கொத்திப் பிழைத்த அம்மனிதனின் பெயர் நமக்குத் தெரியாது. குரோமோவின் குடும்ப வரலாறு பக்கக் கணக்கில் விரிகின்றது. குடியானவனுக்கோ வரலாறே இல்லை. வர்க்கம் வார்டினுள்ளும் நுழைந்து படுக்கைகளைப் பிரிக்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா? ஐவரில் ஒருவனே மேற்குலத்தவன், ஏனையோர் சாதாரண மக்கள் என்று செக்கோவே சொல்லிவைத்தது வீணன்று. சொல்லிவிட்டு அந்த ஒருவனுக்கே பேச்சைக் கொடுத்தார்.

உரிமை என்பது அதனைக் கேட்கும் வல்லமைக்குக் கிடைக்கும் பரிசானால், நான்காவது படுக்கைக்கு அது ஒருபோதும் வராது. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற, அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய சமவாயம் இக்கேள்வியைத்தான் தொட்டது. அதன் 12 ஆவது உறுப்புரை சட்டத்தின் முன் எவரும் ஆளாகவே கருதப்படவேண்டுமென்றும், தமது சட்டத் தகுதியைப் பயன்படுத்தத் தேவையான துணையை அரசு வழங்கவேண்டுமென்றும் கூறும். 19 ஆவது உறுப்புரை, எங்கே, யாருடன் வாழ்வதென்பதைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையைக் கூறும். பேச்சற்றவனின் விருப்பத்தை எவ்வாறு அறிவது என்று சட்ட அறிஞர் சிலர் எள்ளி நகையாடுவதுண்டு. வருடக்கணக்காகக் கூட இருப்பவருக்கு அது தெரியும். எந்தக் கையால் ஊட்டினால் வாய் திறப்பான், எவர் வந்தால் முகம் திரும்புவான், எங்கே இருத்தினால் அமைதியடைவான் என்பன நீதிமன்றிலே ஏற்கத்தக்க சான்றுகளாக ஏன் கொள்ளப்படலாகாது? பத்து நிமிட விசாரணையில் அவற்றிற்கு இடமில்லை என்பது வேறு விடயம்.

இவையெல்லாம் கடதாசி இலட்சியம் என்போர் இத்தாலியின் திரியெஸ்தே நகரைப் பார்க்கட்டும். 1971 இல் பிராங்கோ பசாலியா அங்குள்ள மனநோய் வைத்தியசாலையின் பொறுப்பை ஏற்றபோது ஏறத்தாழ 1,200 பேர் அடைபட்டிருந்தனர். வைத்தியசாலையைக் கூட்டித் துடைத்தல், துணி வெளுத்தல், சமையற்கட்டில் உழைத்தல் முதலானவற்றை நோயாளர் 'சிகிச்சை' என்ற பெயரில் முறையான கூலியின்றிச் செய்துவந்தனர். அவர்களே தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். 1973 இல் அது சட்ட ஏற்புப் பெற்றது. அதே வேலைக்குத் தொழிலாளருக்குரிய ஊதியம் கிடைத்தது. சிகிச்சை என்ற சொல்லின் பின்னால் மறைந்திருந்த சுரண்டல் இவ்வாறு ஒரு சங்கப் பதிவாலே வெளிப்பட்டது. குணமடைந்தும் செல்ல வீடற்றோர் 'விருந்தினர்' என்ற நிலையில் அவ்வளவிலேயே வீடுகள் பெற்று, வரவும் போகவும் உரிமையுடன் வாழ்ந்தனர். 1978 மே 13 ஆம் திகதிய 180 ஆம் இலக்கச் சட்டம் மனநோய் வைத்தியசாலைகளுக்குப் புதிதாக ஆட்களை அனுப்புவதை நிறுத்திற்று. பல மாகாணங்களில் மாற்று ஏற்பாடுகள் உரிய வேளையில் எழாமையால் சுமை முழுவதும் குடும்பங்களின் மேல், சிறப்பாகப் பெண்கள் மேல், விழுந்தது என்பதும் உண்மை. கதவைத் திறப்பதற்கு ஒரு சட்டம் போதும். வெளியே வீடும் கூலியும் வேண்டுமாயின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் ஏர்வாடி நினைவுக்கு வராதிருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி விடியற்காலையில் தர்காவை அண்டிய தனியார் காப்பகமொன்றிற் பரவிய தீயில், சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடமாட்டாது 28 பேர் மாண்டனர். அங்கே நீதிமன்றின் பத்து நிமிடங்கூடச் செலவாகவில்லை. குடும்பத்தின் களைப்பும் வறுமையும் நம்பிக்கையுமே கட்டளையாயின. சங்கிலியிடுவதைத் தடைசெய்தும், சமூகத்தினுள் வாழும் உரிமையை எழுத்திற் பொறித்தும் இந்தியா 2017 இல் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. ஏர்வாடியைப் பற்றி எழுதுவோர் தர்காவின் மூடநம்பிக்கையைச் சாடுவதுடன் நின்றுவிடுகின்றனர். அயலில் வைத்தியரும், கைக்கெட்டிய மருந்தும், இளைப்பாற ஓரிடமும் இருந்திருப்பின் எத்தனை தாய்மார் பிள்ளையை அங்கே கொண்டு சென்றிருப்பர் என்பதை அவர்கள் கேட்பதில்லை.

எமது நாட்டின் கதை 1873 இலே பிரித்தானியர் இயற்றிய கட்டளைச் சட்டத்துடன் தொடங்குகின்றது. அது ஒருவரை வைத்திருப்பது எவ்வாறு என்பதைச் சொல்லப் பிறந்த சட்டம். அவர் வாழ்வது எவ்வாறு என்பது அதன் கவலையன்று. 1956 இன் திருத்தம், தாமே விரும்பி வருவோருக்கும் தற்காலிகமாகச் சேர்க்கப்படுவோருக்கும் இடமளித்தது. 2005 இன் மனநலக் கொள்கை அங்கொடையிற் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டு செல்ல முயன்றது. தெல்லிப்பழை போன்ற பொது வைத்தியசாலைகளில் நோயாளர் தம் ஊரருகே சிகிச்சை பெறுவது சிறு மாற்றமன்று. ஆயினும் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 89 ஆவது உறுப்புரையோ, சித்தசுவாதீனமற்றவர் எனச் சட்டத்தாற் பிரகடனம் செய்யப்பட்டவரை வாக்காளராகத் தகுதியற்றோர் வரிசையிற் சேர்த்தது. இலங்கை அரசு 2016 பெப்ரவரியில் சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. 1873 இன் மொழியும் 2006 இன் மொழியும் ஒரே நாட்டில் ஒரே மனிதனைப் பற்றிப் பேசும்போது எது அவனைக் காணும் என்பதை நமது ஆசிரியரும் மாணவரும் கேட்டல் வேண்டும். குடும்பத்தார் திரும்ப அழைத்துச் செல்லாமையால் ஆண்டுக் கணக்கில் விடுதிகளிலே தங்கிவிட்டோரை நோய் அங்கு வைத்திருக்கவில்லை, வீடின்மையே வைத்திருக்கின்றது. காணிக்கும் வீட்டுக்கும் போராடிய இயக்கங்கள் இவர்களைத் தம் கணக்கிற் சேர்த்துக்கொண்டதாக நாம் காணவில்லை.

கதைக்குத் திரும்புவோம். விமரிசகர்கள் ஏறெடுத்துப் பாராத இன்னொருவன் அவ்வார்டில் உண்டு: யூதனான மொய்ஸெய்க்கா. இருபது ஆண்டுகளுக்கு முன் தனது தொப்பித் தொழிலகம் எரிந்தபோது மனம் பேதலித்தவன். அவன் ஒருவனே வெளியே சென்று வர விடப்படுகின்றான். தெருவிலே சிறுவர்களும் நாய்களும் சூழச் சுற்றி, யாரோ கொடுத்த காசையும் ரொட்டியையும் கொண்டு திரும்புவான். வாசலில் நிக்கீத்தா அத்தனையையும் பறித்துக்கொள்வான். எனினும் வார்டினுள் அவன் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கின்றான், தூங்குவோரைப் போர்த்துகின்றான், கையசைக்க முடியாத பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கரண்டியால் ஊட்டுகின்றான். இது இரக்கத்தால் அன்று, குரோமோவைப் பார்த்துச் செய்யும் பாவனையே என்று செக்கோவ் குறிப்பிடுகின்றார். ஊட்டப்படுபவனுக்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டாக இருந்திருக்குமென நாம் கருதவில்லை. அடுத்த முறை வெளியே போய் வரும்போது ஆளுக்கொரு காசு கொண்டு வருவதாகவும், ஆளுக்கொரு புதுத் தொப்பி தைத்துத் தருவதாகவும் அவன் தோழர்களுக்கு வாக்களிக்கின்றான். தொழில் தெரிந்தவன் அவன். அந்த இருபது ஆண்டுகளில் எவரேனும் அவன் கையில் ஊசியும் துணியும் கொடுத்ததாகக் கதையில் இல்லை.